விளைந்ததை மதிப்புக்கூட்டி வருஷம் முழுக்கச் சாப்பிட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த நிலத்தில் விளைந்ததைக் கெடாமல் வைத்துச் சாப்பிடவும், மிஞ்சியதைக் கொஞ்சம் நல்ல விலைக்கு விற்கவும் நினைக்கிற சிறு விவசாயக் குடும்பங்களுக்கான பதில்கள் இவை. பெரிய ஆலை, ஏற்றுமதி எல்லாம் இதில் இல்லை.

மதிப்புக்கூட்டல் என்றால் மெஷின், பாக்கெட், லேபிள் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். அறுவடைக்குப் பிறகு ஒரு பொருளின் பயனையோ ஆயுளையோ விலையையோ கூட்டுகிற எந்த வேலையும் மதிப்புக்கூட்டல்தான். தூற்றிக் கல் மண் நீக்குவது, தரம் பிரிப்பது, காயவைப்பது, உமி நீக்குவது, உடைப்பது, அரைப்பது, எண்ணெய் ஆட்டுவது, புளிக்கவைப்பது எல்லாமே இதில் அடக்கம். பயிற்சி வகுப்புகளில் ஜாமையும் ஸ்குவாஷையும் முதலில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதனால் மதிப்புக்கூட்டல் என்றாலே பலருக்குச் சர்க்கரைப் பாகும் பாட்டிலும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வீட்டின் சாப்பாட்டுக் கணக்கில் ஜாமுக்குக் கடைசி இடம். நன்றாகக் காய்ந்த தானியத்துக்கும் பூச்சி விழாத பருப்புக்கும்தான் முதல் இடம்.

எல்லாவற்றையும் விற்றுக் காசாக்கி, தேவைப்படும்போது வாங்கிக்கொண்டால் என்ன?

விலை ஒத்துழைத்தால் செய்யலாம். ஆனால் அறுவடை நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஒரே பொருளை விற்கிறார்கள், விலை படுத்துவிடுகிறது. சில மாதம் கழித்து அதே பொருளை நாம் வாங்கப் போகும்போது விலை ஏறியிருக்கும். தான் விளைவித்ததையே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குகிற குடும்பங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதோடு, கையில் காசு இருந்தால் முதலில் கடன்காரர் வருவார், அப்புறம் கல்விக் கட்டணம், அப்புறம் மருத்துவச் செலவு. சாப்பாட்டுக்கென்று நினைத்த பணம் சாப்பாட்டுக்கு வந்து சேர்வதில்லை. குதிரில் இருக்கும் தானியத்தை அவ்வளவு சுலபமாக வேறு செலவுக்குத் திருப்ப முடியாது.

1996-ல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்பை வரையறுத்தபோது, எல்லா மக்களுக்கும் ‘எல்லாக் காலத்திலும்’ போதுமான, பாதுகாப்பான, சத்தான உணவு கிடைக்க வேண்டும் என்றது. மதிப்புக்கூட்டல் நேராக உதவுவது அந்த ‘எல்லாக் காலத்திலும்’ என்பதற்குத்தான். நிறைந்த மாதத்தின் விளைச்சலை வறண்ட மாதத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற வேலை அது.

எவ்வளவுதான் வீணாகிறது?

ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறுவடை முடிந்து சில்லறைக் கடைக்குப் போகும் முன்பே உலகில் விளையும் உணவில் ஏறக்குறைய 14 சதவீதம் இழப்பாகிறது. இது சராசரிதான். பழம், காய்கறி, கிழங்குகளில் இழப்பு இதைவிட அதிகம், தானியத்திலும் பருப்பிலும் குறைவு. இன்னொரு ஏக்கர் குத்தகைக்கு எடுப்பதைப் பற்றி யோசிக்கும் முன், இருக்கிற ஏக்கரில் விளைந்தது எங்கே போகிறது என்று ஒரு பருவம் எழுதிவைத்துப் பார்ப்பது செலவில்லாத வேலை.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதுங்கள். எந்த மாதம் என்ன விளைகிறது, எந்த மாதம் வீட்டில் எது தீர்ந்துபோகிறது, எது வீணாகிறது என்று குறியுங்கள். தானியம் தீர்கிற மாதமும் காய்கறியே கண்ணில் படாத மாதமும் வேறுவேறாக இருக்கலாம். இந்தத் தாளைப் பார்த்தாலே வேலை தெரிந்துவிடும். தானியத்தில் பூச்சி விழுகிறது என்றால் அதற்கு முதலில் வழி பாருங்கள், தக்காளி சாஸ் பிறகு. தானியம் போதுமான அளவு இருந்து, கோடையில் கீரையும் காயும் இல்லை என்றால் வற்றல் போடலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கஞ்சி மாவுக்கு முன்னுரிமை கொடுங்கள். பக்கத்து வீட்டில் எது நன்றாக விற்கிறது என்பதைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் நிறுத்துகிறார்கள்.

தானியத்தைக் காயவைப்பதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எப்போதும் செய்கிறதுதானே?

எப்போதும் செய்கிறோம், ஆனால் பெரும்பாலும் ஒரு நாள் முன்னதாகவே அள்ளிவிடுகிறோம். மாதக்கணக்கில் வைக்க வேண்டிய தானியத்தின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் வர வேண்டும். நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளுக்கு 7 அல்லது 8 சதவீதம். பல்லில் கடித்துப் பார்ப்பது அனுபவசாலிக்குச் சரிவரும். மற்றவர்களுக்கு உப்புச் சோதனை நல்லது.

ஈரமே இல்லாத ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தானியம் போடுங்கள். நன்றாகக் காய்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, பாட்டிலை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் உருண்டு ஓடினால் 15-க்குக் கீழே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நல்ல வெயிலில் இன்னொரு நாள் போட்டு எடுப்பது என் கட்சி. உப்பு கொஞ்சம் ஈரமாக இருந்தால்கூடச் சோதனை பொய் சொல்லும், ஆகவே உப்பை முதலில் வாணலியில் சூடாக்கி ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததைக் காற்று புகாத பையிலோ டிரம்மிலோ விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால், உள்ளே இருக்கும் பூச்சி மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். மருந்தே தேவையில்லை. ஆனால் ஈரத் தானியத்தைக் காற்றுப் புகாமல் மூடினால் வியர்த்துக் கட்டிபிடித்து நாறிவிடும், திறந்து வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றாகிவிடும்.

பருப்பில் மட்டும் எப்படி வண்டு வந்துவிடுகிறது? மூடித்தானே வைத்தோம்?

வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடுகிறது, வீட்டுக்குள் நாம்தான் சுமந்து வருகிறோம். முழுப் பயறை உடைத்துத் தோல் நீக்கி வைத்தால் இந்த வண்டின் தொல்லை வெகுவாகக் குறையும். முழுசாகவே வேண்டும் என்றால் கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி புரட்டி வையுங்கள், முட்டைகள் பொரியாது. இன்னொரு வழி, கறுப்பு விரிப்பின் மேல் பயறை மெல்லிசாகப் பரப்பி, மேலே தெளிவான பிளாஸ்டிக் தாள் மூடி, ஓரங்களில் கல் வைத்து நல்ல வெயிலில் விடுவது. உள்ளே 57 டிகிரிக்கு மேல் ஏறி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் போய்விடும்.

காய்கறி, கீரை, பழம் காயவைத்தால் கறுத்துப்போகிறது. ஏன்?

அறுத்த பிறகும் காய்க்குள் நொதிகள் வேலைசெய்துகொண்டே இருக்கும். நிறம், மணம், வைட்டமின் மூன்றையும் கெடுப்பது அவைதான். கொதிநீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் அடங்கிவிடும். கீரைக்கு ஒன்றிரண்டு நிமிடம், கேரட், பீன்ஸ் போன்றவற்றுக்கு மூன்று நான்கு நிமிடம். எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் போட்டு, வடித்து, தட்டில் பரப்ப வேண்டும். வெங்காயம், மிளகாய், தக்காளிக்கு இது தேவையில்லை.

அடுத்தது வெயில். நேர் வெயிலில் கீரையின் பச்சை வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு வைட்டமின் ஏ-வாக மாறக்கூடிய பீட்டா கரோட்டினும் போகிறது. கீரையை நிழலில் காற்றோட்டமாகவோ, மேலே கறுப்புத் துணி போட்டோ காயவையுங்கள். மழைக்காற்று வீசும் இடத்தில் நிழல் மட்டும் போதாது, அங்கே சூரிய உலர்த்திப் பெட்டி வேண்டும். அதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. அடியில் கறுப்புத் தகடு, நடுவில் வலைத் தட்டு, மேலே கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு. பெட்டி செய்கிறவர்கள் அடிக்கடி மறப்பது இந்த மேல் திறப்பைத்தான். ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் காய் காயாது, வேகும். உள்ளே 55, 60 டிகிரி இருந்தால் போதும். மாலையில் தட்டுகளை எடுத்து மூடி வைத்துவிடுங்கள், பனி பட்டால் பகலில் போன ஈரம் இரவில் திரும்பிவிடும்.

கீரை விரலில் நொறுங்கும் வரை, காய் மடித்தால் உடையும் வரை, பழம் மடித்தால் வளைந்தும் ஒட்டாமலும் இருக்கும் வரை காய வேண்டும். ஆறிய பிறகு ஜாடியில் முக்கால் அளவுக்குக் குறைவாகப் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் திரும்பவும் வெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

பத்து கிலோ தக்காளி காயவைத்தால் எவ்வளவு கிடைக்கும்?

தக்காளியில் ஏறக்குறைய 94 சதவீதம் தண்ணீர். பத்து கிலோவில் கெட்டிப்பொருள் 600 கிராம்தான். பத்து சதவீத ஈரம் மிச்சம் வைத்துக் காயவைத்தால் 670 கிராம் அளவுக்கு வரும். அதாவது பதினைந்து கிலோவுக்கு ஒரு கிலோ. விற்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த தக்காளியின் கிலோ விலை, பச்சைத் தக்காளி விலையின் 15 மடங்கோடு விறகு, கூலி, பை எல்லாவற்றையும் சேர்த்த தொகையைத் தாண்டினால்தான் லாபம். விலை நன்றாக இருக்கும்போது பச்சையாகவே விற்றுவிடுவது புத்திசாலித்தனம். பறிக்கும் கூலிகூட வராத வாரத்தில் செடியிலேயே விடப்படும் பழமும், சந்தையில் கழித்து ஒதுக்குகிற சின்னப் பழமும்தான் காயவைக்க ஏற்றவை. கழித்தது என்றால் அளவில் சிறியது, வடிவம் கோணலானது. அழுகினது இல்லை.

பதப்படுத்தினால் சத்தெல்லாம் போய்விடுமே?

சிலது போகும், சிலது போகாது, சிலது கூடவும் செய்யும். வைட்டமின் சி-யில் கணிசமான பங்கு போய்விடும். இரும்பு, கால்சியம், நார்ச்சத்து, புரதம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பீட்டா கரோட்டின் நிழலில் காயவைத்தால் ஓரளவு தங்கும், சமைக்கும்போது கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால்தான் உடம்பில் சேரும். கீரையே இல்லாத மாதத்தில் பாதிச் சத்துள்ள காய்ந்த கீரையைப் பச்சைக் கீரையோடு ஒப்பிட்டு என்ன பயன்? அந்த மாதத்தில் பச்சைக் கீரை கிடையாது.

மதிப்புக்கூட்டல் என்ற பெயரில் சத்தைக் கழற்றி எறிந்த கதைகளும் உண்டு. அரிசியைத் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கியதும், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியது. 1890-களில் ஜாவாவில் இருந்த மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மேன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் தள்ளாடுவதையும் தவிட்டோடு கொடுத்தால் தேறுவதையும் கவனித்தார். அந்த ஆராய்ச்சிக்காக 1929-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நெல்லைப் புழுக்கிவிட்டுக் குத்தினால் தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும், ஆகவே இழப்பு குறைவு. மக்காச்சோளத்தில் இதற்கு நேர்மாறான கதை. மெக்சிகோ பக்கத்துப் பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே அரைத்தார்கள், அதனால் அதிலுள்ள நியாசின் என்ற பி வைட்டமின் உடம்புக்குக் கிடைத்தது. ஐரோப்பாவுக்குப் பயிர் போனது, சுண்ணாம்பு போகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பிடித்தது. பழைய சமையல் முறையில் வேண்டாத வேலை போலத் தெரிவதை வெட்டும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதேபோல் மரவள்ளிக்கும் ஏதோ சொல்வார்களே?

கசப்பு ரக மரவள்ளியில் சயனைடை வெளியிடும் பொருள் அதிகம். துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, காயவைத்தால் அது பெருமளவு வெளியேறும். பஞ்ச காலத்தில்தான் ஆபத்து, பசி அவசரத்தில் இந்தப் படிகளைக் குறைத்துவிடுவார்கள். 1981-ல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது இப்படித்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும், கால் செயலிழக்கும் கோன்சோ நோய் வந்தது. எவ்வளவு அவசரமானாலும் இந்தப் படிகளில் எதையும் குறைக்காதீர்கள்.

குழந்தைகளுக்குச் சத்து மாவு வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. தானியம் இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு, கொஞ்சம் நிலக்கடலை அல்லது எள் என்பது நம்பகமான அளவு. தானியத்தில் குறைகிற லைசின் என்ற புரதக் கூறைப் பருப்பு ஈடுகட்டும். வறுத்து அரைப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முளைகட்டிய மாவின் அருமை பலருக்குத் தெரிவதில்லை.

சாதாரண மாவில் கெட்டியாகக் கஞ்சி வைத்தால் குழந்தை விழுங்காது. நீர்க்க வைத்தால் வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும், சத்து போகாது. முளைகட்டிய தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டு. கெட்டிக் கஞ்சி ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் ஒரு சிட்டிகை முளைமாவு போட்டுக் கிளறுங்கள். கரண்டியில் கட்டியாக நின்ற கஞ்சி சில நிமிடத்தில் இளகி ஒழுக ஆரம்பிக்கும். மாவு குறையவில்லை, நீரும் கூடவில்லை, ஆனால் குழந்தை சுலபமாகக் குடிக்கும். இளகியதும் இன்னொரு முறை கொதிக்கவிட்டு இறக்குங்கள், முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் சேர்ந்தே வளரும் என்பதால் இதை விடக் கூடாது. முளையைக் காயவைக்கும்போது அதிகச் சூடு காட்டினால் நொதி செத்துவிடும். ஆக, கஞ்சியில் கலக்க வைத்திருக்கும் முளைமாவை மட்டும் வறுக்காதீர்கள்.

முழுத் தானிய மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது.

காயைப் புளிக்கவைத்து வைக்கலாமா? கெட்டதற்கும் புளித்ததற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

காயின் எடையில் 2 முதல் 3 சதவீதம் உப்பு, அதாவது கிலோவுக்கு 20 முதல் 30 கிராம். காய் முழுதும் உப்புநீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், மேலே ஒரு கனமான தட்டை வைத்து அமுக்கிவிடுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிப்பேற்றும், விறகு ஒரு குச்சிகூடச் செலவில்லை. சுத்தமான புளிப்பு மணமும் லேசான குமிழியும் சரியான அறிகுறி. மேலே வெள்ளையாக மெல்லிய ஏடு படிந்தால் எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பஞ்சு போல முளைத்து நிறத்தோடு இருந்தால் பூஞ்சை. காய் கொழகொழத்து அழுகல் நாற்றம் அடித்தாலும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

காய்கறியைப் பாட்டிலில் அடைத்து நன்றாகக் கொதிக்கவைத்தால் கெடாதுதானே?

இதில்தான் உயிர் போகும் தவறு நடக்கிறது. குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரிக் கொதிநீரிலும் சாகாது. காற்றில்லாத, புளிப்பில்லாத பாட்டிலுக்குள் அவை முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். மணத்திலோ ருசியிலோ எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. புளிப்பின் அளவு 4.6 பிஹெச் அல்லது அதற்குக் கீழே இருந்தால் அவை வளராது (பிஹெச் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). பழம், ஊறுகாய், வினிகரில் போட்ட காய் ஆகியவற்றைக் கொதிநீர் முறையில் பாட்டிலில் அடைக்கலாம். தக்காளி அந்த எல்லையை ஒட்டியே இருப்பதால் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது கட்டாயம். பீன்ஸ், பட்டாணி, காளான், இறைச்சி, மீன் போன்றவற்றுக்கு அழுத்தத்தில் 116 டிகிரிக்கு மேல் சூடேற்றும் முறையான கருவியும் சோதித்த நேரக் கணக்கும் வேண்டும். அவை இல்லையென்றால் காயவையுங்கள் அல்லது புளிக்கவையுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியில் வைப்பதும் இதே ஆபத்துதான்.

ஃபிரிட்ஜ் இல்லை. காய்களை ஒரு வாரமாவது வைக்க வழி உண்டா?

பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பி, மேலே ஈரத்துணி போடும் முறையை நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா 1990-களில் பரப்பினார், 2000-ல் அதற்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. வறண்ட காற்றுள்ள இடத்தில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்துப் புழுக்கத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

எவ்வளவு விற்கலாம், எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

வீட்டுப் பங்கை முதலில் தனியாகக் கட்டி வைத்துவிடுங்கள். ஆள் எண்ணிக்கை, அடுத்த அறுவடை வரைக்குமான மாதங்கள், விதைக்கு ஒரு பங்கு, வரப்போகும் விருந்தாளிக்கும் கொஞ்சம். மிச்சம்தான் வியாபாரம். இதை மாற்றிச் செய்யும் வீடுகளில் நல்ல தரம் சந்தைக்குப் போய், நொறுங்கியதும் சொத்தையும் வீட்டுத் தட்டுக்கு வருகிறது.

கணக்குப் போடும்போது எல்லோரும் விடுகிற ஒரு செலவு, வீட்டுப் பெண்களின் நேரம். வற்றல் போடுவது, புரட்டுவது, காக்கை விரட்டுவது எல்லாம் கூலியில்லாத வேலையாகவே எழுதப்படுகிறது. அந்த நேரத்துக்கும் கூலி போட்டுப் பார்த்தால் சில பொருட்கள் நஷ்டம் என்று தெரியவரும். அப்படியானால் அவற்றை வீட்டுத் தேவையளவுக்கு மட்டும் செய்யலாம். வரும் காசு யார் கையில் சேர்கிறது என்பதையும் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், அப்புறம் பேசினால் சண்டையில்தான் முடியும்.

விற்பதற்கு உரிமம், லேபிள் விதிகள் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. முதல் பாக்கெட் போடும் முன் விசாரித்துவிடுங்கள்.

நிலக்கடலையில் கொஞ்சம் பூஞ்சை பிடித்துவிட்டது. வறுத்துச் சாப்பிடலாமா? மாட்டுக்காவது போடலாமா?

இரண்டும் கூடாது. சில பூஞ்சைகள் ஆஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோதுதான் இது தெரியவந்தது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது. வறுத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு முழுதாகப் போகாது. காயோடு காயவைத்து, உரித்ததும் சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். பொறுக்கியதை எண்ணெய் ஆட்டவும் அனுப்ப வேண்டாம், பிண்ணாக்கில் நஞ்சு தங்கிவிடும். கறவை மாட்டுக்குப் போட்டால் அது பாலில் இறங்கி, அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையிடமே திரும்பி வரும். எரித்துவிடுங்கள் அல்லது ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.